துறைமுகத்தில் தேங்காய்த் துருவல்

தென்னை விளையும் தேசத்திற்குத் தேங்காய் கப்பலேறி வருகிறது என்று சொன்னால் நம் பாட்டிமார்கள் நம்பியிருக்க மாட்டார்கள். பொள்ளாச்சியிலும் பட்டுக்கோட்டையிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தென்னந்தோப்பு. கேரளத்திலோ ஊரின் பெயரும் வீட்டின் பெயரும் கூடத் தெங்கிலிருந்து பிறந்தவை. இத்தகைய தேசத்திற்கு வெளியிலிருந்து தேங்காய் எதற்கு என்று கேட்பது இயற்கையே. ஆயினும் வருவது மட்டையுடன் கூடிய முழுக் காய் அன்று. உரித்து, தோல் சீவி, துருவி, உலர்த்தி, உள்ளே உறையிட்ட காகித மூட்டைகளில் அடைத்த வெண்மையான துருவல் அது. பிஸ்கோத்துத் தொழிற்சாலையும் மிட்டாய்க் கடையும் அதை வாங்குகின்றன. தீபாவளிக்கு நம் வீட்டில் செய்யும் பர்பியின் மேல் தூவுவதற்காகச் சிறு பொட்டலமாக அது மளிகைக் கடைக்கும் வந்துவிட்டது. ஆகவே இந்த விஷயம் வியாபாரிகளுக்கும் சுங்க அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியதென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

முதலில் பொருள் இன்னதென்று தெளிவு செய்துகொள்வோம். முற்றிய தேங்காயின் சதையில் ஏறக்குறையப் பாதிப் பங்கு நீர். அதை வெயிலிலோ புகையிலோ உலர்த்தி நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு ஈரம் நிற்கும்படி செய்தால் அரவைக் கொப்பரை. அது செக்குக்கும் ஆலைக்கும் போய் எண்ணெயாகிறது. காங்கயம் பக்கத்து உலர்களங்களில் வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடப்பது இதுவே. காயை உடைக்காமல் பல மாதம் வைத்திருந்து, உள்ளே நீர் வற்றிச் சதை தானாக ஓட்டைவிட்டுக் கழன்று உருளும்படி செய்தால் பந்துக் கொப்பரை. கர்நாடகத்துத் திப்டூர் அதற்குப் பெயர்பெற்ற சந்தை. மூன்றாவது உலர் துருவல். இதற்குக் கொட்டாங்கச்சியை நீக்கியபின் சதையின் மேலுள்ள பழுப்புத் தோலையும் சீவிவிட வேண்டும். கழுவி, வெந்நீரிலோ நீராவியிலோ காட்டி, இயந்திரத்தில் துருவி, சூடான காற்றில் உலர்த்தி, சல்லடையில் தரம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். முடிவில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இருக்கலாகாது. ஒரு கிலோ துருவலுக்கு ஏறக்குறைய ஏழெட்டுக் காய் வேண்டியிருக்கும்.

இத்தொழில் நமக்கு அண்டையிலேயே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் ஆங்கில வியாபாரிகள் துருவல் ஆலைகளை அமைத்தார்கள். அந்தத் தீவின் சரக்கு மேல்நாட்டு மிட்டாய்க்காரர்களுக்கு இன்றியமையாததாயிற்று. அதே காலத்தில் பிலடெல்பியா நகரத்து மாவு வியாபாரி ப்ராங்க்ளின் பேக்கர் என்பவர், கியூபாவுக்கு அனுப்பிய மாவுக்குப் பணத்திற்குப் பதில் ஒரு கப்பல் தேங்காயை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. காய் அழுகுமுன் அதை ஏதாவது செய்தாக வேண்டுமென்று துருவலாக்கி விற்றவர், பின்னர் மாவு வியாபாரத்தையே விட்டுத் தேங்காய் வியாபாரியானார். அவர் பெயரிலமைந்த கம்பெனி பிற்காலத்தில் பிலிப்பைன் தீவுகளில் ஆலை வைத்தது. இன்று பிலிப்பைன், இந்தோனேஷியா, இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகளின் துருவல் உலகச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடுகிறது. நம்முடைய ஆலைகளும் அந்தப் போட்டியில் நிற்கின்றன.

இப்போது தென்னை வைத்திருக்கும் குடியானவனின் கட்சியைக் கேட்போம். அவன் சொல்வது நியாயமானது. தென்னை ஓராண்டுப் பயிரன்று. விலை விழுந்ததென்று அடுத்த பருவத்தில் வேறொன்றை விதைத்துவிட முடியாது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ தோப்புத் தோப்பாகப் பரவியது. வாடல் நோய் மரங்களை மெலிவிக்கிறது. மரமேற ஆள் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில், வெளிநாட்டுத் துருவல் அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கினால் உள்ளூர் ஆலை காய் வாங்குவதை நிறுத்திவிடும். காய் களத்திலேயே கிடந்து முளைவிடும். இதனால்தான் மத்திய சர்க்கார் கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வைத்திருக்கிறது. 2014-இல் குவிண்டாலுக்கு 5,250 ரூபாயாக இருந்த அரவைக் கொப்பரை விலை 2025-ஆம் ஆண்டுப் பருவத்திற்கு 11,582 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பந்துக் கொப்பரைக்கு அவ்வாண்டு 12,100 ரூபாய். உள்ளே விலைக்கு ஒரு தரையிட்டுவிட்டு, வெளியிலிருந்து வருவதற்கு வாயிலைத் திறந்து வைத்தால் அந்தத் தரை நிற்குமா? நிற்காது. எனவே 2020-இல் இறக்குமதித் துருவலுக்கும் ஒரு வரம்பு கட்டினார்கள். சரக்கின் விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி யாவும் சேர்ந்து கிலோவுக்கு 150 ரூபாய்க்குக் குறையுமாயின் அந்தத் துருவல் உள்ளே வரக்கூடாது என்பது உத்தரவு. குடியானவனைக் காக்க இட்ட வேலி இது. அதன் நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம்.

ஆனால் விலை வேலிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ஓர் எண்ணைக் கொண்டு கட்டப்படுகிறது. சந்தையோ எண்ணுக்கு அடங்கி நிற்பதில்லை. 2025-ஆம் ஆண்டின் நடுவில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிச் சென்றது. தேங்காயெண்ணெய் ஏழை வீட்டுத் தாளிப்புக்கு எட்டாத பண்டமாயிற்று. அத்தகைய சமயத்தில் 150 ரூபாய் வரம்பு எவனையும் தடுக்காது. கப்பலில் வரும் துருவல் அதைத் தாண்டித்தான் வரும். விலை மறுபடி சரியுமானால் அதே வேலி திடீரென்று உயர்ந்து நிற்கும். அப்போது மிட்டாய்க் கடைக்காரனுக்கும் பிஸ்கோத்துத் தொழிலாளிக்கும் கஷ்டம். மேலும், விலைச் சீட்டில் எழுதும் தொகையை மட்டும் பார்த்துத் தடுக்கிற எந்த ஏற்பாட்டிலும், சீட்டை உயர்த்தி எழுதுகிற சாமர்த்தியத்திற்கு இடம் உண்டு. இது வியாபாரம் தோன்றிய நாள் முதல் எல்லாத் துறைமுகங்களும் அறிந்த வித்தை.

இறக்குமதியே கூடாது என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடலாமே என்பாரும் உளர். அவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். குருநாகல், புத்தளம், கம்பஹா என்னும் மூன்று மாவட்டங்களைத் தெங்கு முக்கோணம் என்றே அங்கே வழங்குகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டிலும் விளைச்சல் குன்றிக் காய்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 2025-இல் தொழிற்சாலைகளுக்காகத் தேங்காய்ச் சதை வகைகளை வெளியிலிருந்து தருவிக்கச் சர்க்கார் இசைய நேர்ந்தது. வானம் பொய்த்தால் தென்னை நாடும் தேங்காய் வாங்கும். ஆகவே வரவே கூடாது என்பதைவிட, வருவது எப்படியிருக்க வேண்டும் என்ற கேள்வியே நிலையானது.

இங்கேதான் நம் வீட்டாருக்கு உரிய விஷயம் வருகிறது. உலர்ந்த பண்டமாயிற்றே, அதில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரமில்லாத துருவலில் கிருமி பெருகாது என்பது மெய். ஆனால் சாகவும் சாகாது. மாதக்கணக்கில் அது உறங்கிக் கிடக்கும். கொழுப்பு அதற்குக் கவசம்போல் உதவும். குழம்பில் அரைத்துவிடும் தேங்காய் கொதியில் வெந்துவிடுகிறது. பர்பியின் மேலும் கேக்கின் மேலும் தூவுகிற துருவலோ வேகாமலேயே குழந்தையின் வாய்க்குப் போகிறது.

இதை உலகம் பட்டுத்தான் அறிந்தது. 1950-களில் ஆஸ்திரேலியாவில் டைபாய்டு ஜுரமும் அதன் இனத்தைச் சேர்ந்த ஸால்மொனெல்லா நோயும் கண்டவர்களை விசாரித்துக்கொண்டே போன வைத்தியர்கள், கடைசியில் உலர் தேங்காய்த் துருவலில் வந்து நின்றார்கள். 1955-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. அந்தப் பத்தாண்டின் இறுதியில், இங்கிலாந்தில் இறங்கிய இலங்கைத் துருவலிலும் இதே கிருமி இனத்தைப் பரிசோதகர்கள் கண்டார்கள். இலங்கையின் வியாபாரமே ஆட்டங்கண்டது. சீவிய சதையைத் தரையில் குவிப்பதும், அசுத்தமான நீரில் கழுவுவதும், வெறுங்கையால் அள்ளுவதும், ஆலைக்குள் கோழியும் பல்லியும் உலாவுவதும் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பது தெளிவாயிற்று.

இலங்கை அப்போது செய்தது நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. வாங்குகிற நாடு நம்மை அவமதித்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு அவர்கள் நின்றுவிடவில்லை. துருவுவதற்கு முன் சதையை வெந்நீரில் காட்டுவது, ஆலைகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது, ஏற்றுமதிக்கு முன் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது என்று முறைகளை இறுக்கினார்கள். இன்று தெங்கு அபிவிருத்தி அதிகார சபை அந்த மேற்பார்வையை நடத்துகிறது. எண்பது டிகிரி செண்டிகிரேட் வெந்நீரில் எட்டு முதல் பத்து நிமிஷம் வைத்தால் தேங்காய்ச் சதையிலுள்ள ஸால்மொனெல்லா அழிந்துபோகும் என்று 1967-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. செலவு பிரமாதமன்று, வேண்டியது ஒரு தொட்டி, ஓர் உஷ்ணமானி, ஒரு கடிகாரம், அவற்றைப் பார்க்கிற ஒரு பொறுப்பான ஆள். பிறகு 1971-இல் சர்வதேச உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், உலர் தேங்காய்த் துருவலுக்கென்றே ஒரு சுகாதார விதித் தொகுப்பை வெளியிட்டது. 1991-இல் ஈரம், அமிலம், அந்நியப் பொருள் முதலியவற்றுக்கு வரம்பிட்ட தர நிர்ணயமும் வந்தது. கிருமிக்கும் பழிக்கும் அஞ்சித் தொடங்கிய சுத்தம், இலங்கைச் சரக்குக்கு நாளடைவில் நற்பெயராக மாறியது.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுதான். குடியானவனின் விலையைக் காக்கும் வேலி வேறு. உண்பவரின் உடம்பைக் காக்கும் வேலி வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. கிலோவுக்கு 150 ரூபாய்க்கு மேல் என்பதனால் துருவல் சுத்தமாகிவிடாது. மலிவு என்பதனாலேயே அது அசுத்தமும் ஆகிவிடாது. இவ்விரண்டையும் குழப்பினால் இரண்டு பேருக்கும் நஷ்டம். விலையைத் தடுப்பதற்காகச் சுகாதாரத்தைச் சாக்காகக் காட்டினால், நாளைக்கு நம் சரக்கை வாங்குகிற நாடும் அதே சாக்கை நம்மிடம் காட்டும். விலை வரம்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் பரிசோதனையைத் தளர்த்தினால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும்.

சுகாதார விதி எவருக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுச் சரக்கையும் இறக்குமதிச் சரக்கையும் ஒருங்கே ஆளுகிறது. ஆனால் துறைமுகத்தில் மூட்டைகள் ஓரிடத்தில் குவிந்திருப்பதால் மாதிரி எடுப்பது எளிது. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் சிற்றாலைகளுக்குப் போய் எடுப்பது கடினம். எளிதான இடத்தில் மட்டும் சட்டம் சுறுசுறுப்பாக இருந்தால் போதுமா? சுதேசிப் பண்டம் என்பதனால் கிருமி நம்மிடம் தயவு காட்டப் போவதில்லை. நம் நாட்டுச் சரக்கென்று பெருமையுடன் வாங்குகிற தாய்மார்களுக்கு, அந்தச் சரக்கு முதல்தரமாக இருக்க வேண்டுமென்று கேட்கும் உரிமை இரட்டிப்பாக உண்டு.

சிற்றாலைக்காரர் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்: "பெரிய ஆலைக்காரன் பரிசோதனைச் சாலை வைத்துக்கொள்வான், நான் என்ன செய்வேன்?" அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. விதியை மட்டும் எழுதி, அதை நிறைவேற்றும் வழியைக் காட்டாவிட்டால் சிறியவன் அழிந்து பெரியவன் மட்டும் மிஞ்சுவான். காய்க்கு விலை சொல்பவனும் அவன் ஒருவனே ஆவான். ஆகையால் தென்னைப் பிரதேசங்களில், குறைந்த கட்டணத்தில் மாதிரி பார்த்துத் தரும் பொதுப் பரிசோதனைச் சாலைகள் போதிய அளவில் வேண்டும். 1981-இல் அமைக்கப்பட்டுக் கொச்சியிலிருந்து நடைபெறும் தென்னை வளர்ச்சி வாரியமும், மாகாண சர்க்கார்களும், விவசாயிகளின் உற்பத்திக் கம்பெனிகளும் கூடினால் இது நடவாத காரியமன்று. பல ஆலைகள் சேர்ந்து வெந்நீர்த் தொட்டியையும் உலர்த்தும் யந்திரத்தையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். சதையைச் சீவும் வேலையில் அமர்ந்திருக்கும் பெண்களுக்குச் சுத்தமான நீரும், கை கழுவ இடமும், ஜுரம் வந்தால் கூலி போகாமல் வீட்டிலிருக்க வசதியும் தர வேண்டும். நோயோடு வேலைக்கு வரும்படி வறுமை அவர்களை நிர்ப்பந்தித்தால் எந்தப் பரிசோதனையும் நம்மைக் காப்பாற்றாது.

துறைமுகத்து ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸால்மொனெல்லாப் பரிசோதனையைச் சாதாரண முறையில் செய்தால் முடிவு தெரியப் பல நாட்கள் ஆகும். அதுவரை சரக்குக்குக் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும். நேர்மையான இறக்குமதியாளரும் அப்போது பொறுமையிழக்கிறார். நேர்மையற்றவர் குறுக்கு வழி தேடுகிறார். எந்த நாட்டு எந்த ஆலையின் சரக்கு பன்முறை தேறியிருக்கிறது, எது தவறியிருக்கிறது என்று கணக்கு வைத்து, தேறியதற்கு விரைவும் தவறியதற்குக் கண்டிப்பும் காட்டுவதே விவேகம். தவறிய சரக்கின் விவரத்தைப் பொது ஜனங்கள் எளிதில் படித்தறியும்படி வெளியிட வேண்டும். பூச்சியையும் மறக்கலாகாது. கொப்பரையைத் துளைக்கும் செங்கால் வண்டு மூட்டையோடு மூட்டையாகப் பிரயாணம் செய்யக் கூடியது. விலை வரம்பைப் பொறுத்தவரை, ஆதரவு விலையை ஆண்டுதோறும் நிர்ணயிப்பது போல அதையும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டித் திருத்துவதே முறை.

இன்னொரு சூழ்ச்சியையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. முழுத் துருவலில் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு எண்ணெய் இருக்கும். பாலையோ எண்ணெயையோ ஒரு பகுதி பிழிந்தெடுத்தபின் மிஞ்சும் சதையையும் உலர்த்தி விற்கலாம். அதில் தவறில்லை, எண்ணெய் குறைந்த துருவல் என்று சர்வதேசத் தர நிர்ணயமே அதைத் தனி வகையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை முழுத் துருவல் என்று சொல்லி முழு விலைக்கு விற்பதுதான் மோசடி. தேங்காய் விலை ஏற ஏற இந்த ஆசையும் ஏறும். பார்வைக்கு இரண்டும் வெள்ளை. வாயிலிட்டால்தான் ஒன்று மணக்கும், மற்றொன்று சக்கையாய்த் தட்டும். பொட்டலத்தின் மேல் எண்ணெய்ப் பங்கைப் பெரிய எழுத்தில், நம் தாய்மொழியில், அச்சிடச் செய்வது சட்டத்திற்கு எட்டாத காரியமா?

அதுவரையில் குடும்பத்தார் செய்யக் கூடியவை சில உண்டு. பொட்டலத்தில் தயாரித்த தேதி, உற்பத்தி நாடு, பதினான்கு இலக்க உணவு உரிம எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுத்துத் தரும் திறந்த மூட்டைத் துருவலை வேகாத பண்டத்திற்கு வாங்காதீர்கள். முகர்ந்தால் சிக்கு வாசனையோ, நாவிலிட்டால் சோப்புச் சுவையோ தட்டினால் அது பழையது. தேங்காயெண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் பிரிந்து நிற்பதே அந்தச் சோப்புச் சுவைக்குக் காரணம். மிதமிஞ்சிய வெண்மையைக் கண்டு மயங்க வேண்டாம். நல்ல தேங்காய் சற்றே பால் நிறமாகத்தான் இருக்கும். பிரித்தபின் ஈரமற்ற சீசாவில் இறுக மூடி வையுங்கள். ஈரக் கரண்டி அதில் படலாகாது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுப்பதாயின் கூடியவரை வேகவைக்கும் பண்டத்தில் சேர்த்துக் கொடுப்பது உத்தமம்.

கடைக்காரரிடம் "இது எந்த ஊர்த் துருவல், எண்ணெய் எடுத்ததா, எடுக்காததா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். பத்து வீட்டார் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார்; மொத்த வியாபாரி ஆலையைக் கேட்பார். துறைமுகத்து அதிகாரியும் பொள்ளாச்சி ஆலைக்காரரும் ஒரே அளவுகோலை எடுக்கும்படி செய்யும் வலிமை இக்கேள்விக்கு உண்டு. அந்த அளவுகோலில் நம் தென்னை நாட்டுத் துருவல் முன்னால் நிற்குமானால், அதைவிட உறுதியான பாதுகாப்பு நம் குடியானவனுக்கு வேறெதுவும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.